மூன்று கட்டம் மிச்சம்

டெட்ரிஸில் எனக்கு வேகம் வராது. விரல் ஓடுகிற அளவுக்குக் கண் ஓடுவதில்லை. எதிராளியோடு நேருக்கு நேர் ஆடும்போது இது பெரிய குறை. அதனால் வேகத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, நிதானமாக ஆடினாலும் பலன் தருகிற ஒரே ஒரு முறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஃபோர் வைட் என்று சொல்வார்கள். என் தம்பி இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறான், அது அப்புறம்.

களம் பத்துக் கட்டம் அகலம், இருபது கட்டம் உயரம். மேலிருந்து விழுகிற கட்டைகளால் ஒரு வரிசை முழுதும் நிரம்பினால் அது அழிந்துபோகும். அந்தப் பத்தில் நாலு கட்ட அகலத்தைக் குழியாகக் காலி விட்டு, மீதி ஆறில் மட்டும் கட்டைகளை அடுக்கிச் சுவர் எழுப்ப வேண்டும். குழி நடுவில் என்றால் இரண்டு பக்கமும் மும்மூன்று கட்ட அகலத்தில் சுவர். சுவர் போதுமான உயரம் வந்ததும் குழிக்குள் கட்டைகளை இறக்க ஆரம்பிக்கலாம். சரியாக இறக்கினால் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு வரிசை அழியும். இடையில் ஒரு கட்டைகூட வீணாகாமல் அழிந்துகொண்டே போனால் அதுதான் காம்போ. தொடர் நீள நீள எதிராளியின் களத்தில் அடியிலிருந்து ஏறுகிற குப்பை வரிசைகளும் கூடும். எத்தனையாவது அழிப்புக்கு எத்தனை வரிசை என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்.

இதன் அடியில் இருக்கிற கணக்கு மிக எளிது. கட்டைகள் ஏழு வகை; ஐ, ஜே, எல், ஓ, எஸ், டி, இசட் என்று உருவத்துக்கு ஒத்த ஆங்கில எழுத்துதான் பெயர். ஒவ்வொரு கட்டையிலும் நாலு கட்டம். குழியின் அகலமும் நாலு. குழிக்குள் ஏற்கெனவே மூன்று கட்டம் கிடக்கிறது என்று வையுங்கள். புதுக் கட்டை வந்தால் ஏழு. அழிகிற வரிசை நாலைக் கொண்டுபோய்விடும், மறுபடி மூன்று. அடுத்த கட்டை வந்தால் ஏழு, அழிந்தால் மூன்று. சுவர் தீரும்வரை இப்படியே போகும். கட்டை மாறும், அந்த மூன்றும் கிடக்கிற உருவம் மாறும், எண்ணிக்கை மட்டும் மாறாது.

அப்படியானால் கற்றுக்கொள்ள வேண்டியது கட்டைகளை அல்ல, மிச்சத்தை. இதைப் பெரும்பாலான பயிற்சிக் காணொளிகள் சொல்வதில்லை என்பது என் மனக்குறை. மளமளவென்று ஆடிக் காட்டுகிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறது, பார்த்து முடித்ததும் நமக்கு ஒன்றும் வந்திருக்காது. "எல் வந்தால் எங்கே வைப்பது?" என்று கேட்டால் பதில் கிடையாது. மூன்று கட்டம் எப்படிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது அது. நான் ஒரு கட்டம் போட்ட நோட்டு எடுத்து, மிச்சத்தின் ஒவ்வொரு உருவத்தையும் பென்சிலால் வரைந்து, பக்கத்தில் ஏழு கட்டைகளின் பெயரையும் எழுதி, எது பொருந்தும், பொருந்தினால் அடுத்து என்ன உருவம் வரும் என்று நிரப்ப ஆரம்பித்தேன். உருவங்களுக்குப் பெயரும் வைத்தேன். பெயர் இல்லாவிட்டால் எனக்கு எதுவும் நினைவில் நிற்காது.

முதலில் பலகை. மூன்றும் ஒரே வரிசையில், ஓரத்தில் மட்டும் ஒரு கட்டம் காலி.

■■■□

இதற்கு ஜே வந்தால் எனக்குச் சிரிப்பே வரும், அவ்வளவு சுலபம். ஜேயைத் தலைகீழாகத் திருப்பினால் மூன்று கட்டம் மேலே படுத்திருக்கும், வலது ஓரத்தில் ஒரு கால் கீழே தொங்கும். அந்தக் காலை ஓட்டையில் இறக்கினால் கீழ் வரிசை போய்விடும். மேலே படுத்திருந்த மூன்றும் கீழே வந்து உட்காரும்.

□■■■

திரும்பவும் பலகை, ஓட்டை மட்டும் இடது ஓரத்துக்குப் போய்விட்டது. இப்போது எல் வந்தால் அதையும் தலைகீழாகத் திருப்பலாம். அதன் கால் இடது ஓரத்தில் தொங்கும். இறக்கினால் பழையபடி ஓட்டை வலது ஓரத்தில். ஜே, எல், ஜே, எல் என்று மாறிமாறி வந்துகொண்டே இருந்தால் தூக்கத்தில்கூட ஆடலாம்.

ஒரு சின்ன விஷயம் இங்கே. மூன்று கட்ட அகலமுள்ள கட்டைகள் களத்தின் நாலு, ஐந்து, ஆறாம் கட்டங்களுக்கு மேலே தோன்றும். நடுக் குழி நாலிலிருந்து ஏழு வரை. ஆகவே அந்த எல் கட்டையைத் திருப்பினால் போதும், நகர்த்தவே வேண்டாம், நேராக விழுந்து பொருந்தும். ஜேக்கு மட்டும் வலப்பக்கம் ஒரு தட்டு வேண்டும். நோட்டில் இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம், விரலுக்கு அப்படி இல்லை. வலது இடது மாறும்போதெல்லாம் எனக்கு ஒரு கணம் தயக்கம் வருவது இதனால்தான். கண்ணாடிப் பிம்பமாக வருகிற பாதி உருவங்களைத் தனியாகப் பழக வேண்டியிருந்தது.

ஐ என்கிற நீளக்கட்டையைப் பலகையின் ஓட்டையில் நிறுத்தினால் ஒரு வரிசை போய், மூன்று கட்டம் ஒன்றன்மேல் ஒன்றாக ஓரத்தில் நிற்கும். இதற்குக் கம்பம் என்று பெயர் வைத்தேன். டெட்ரிஸ் ஆடுகிற எல்லோருக்கும் ஐ செல்லப்பிள்ளை. மற்ற முறைகளில் அது வராதா என்று தவம் கிடப்போம். ஃபோர் வைட்டில் அதை நிறுத்தி வைத்தால் பாதி நேரம் தலைவலி. கம்பம் நிற்கும்போது கீழே மூன்று கட்டம் காலி, அதை ஒரே கட்டையால் நிரப்ப வேண்டும். படுத்த ஜே, படுத்த எல், படுத்த டி ஆகிய மூன்றும்தான் பொருந்தும். ஓ, எஸ், இசட் எதுவும் ஆகாது. இன்னொரு ஐ வந்தால் கம்பத்தின் தலைக்கு மேலே குறுக்கே படுக்கவைக்கலாம், அந்த வரிசை மட்டும் போகும், கம்பம் அப்படியே நிற்கும்.

பலகைக்கு டி வந்தால் அதை ஓட்டைக்குள் நிறுத்தி மூக்கை உள்பக்கம் காட்ட வேண்டும். மிஞ்சுவது இது:

□□□■
□□■■

இது மூலை. என் நோட்டில் அதிகம் அழித்து எழுதப்பட்ட பக்கம் இதுதான். கீழே இரண்டு கட்டம் காலி, அதனால் கீழ் வரிசையை அழிக்க இரண்டு கட்டம் அகலமாக உட்காரக்கூடிய கட்டைதான் வேண்டும். சதுரமான ஓ கச்சிதம். படுத்த எஸ் இன்னும் கச்சிதம்: அதன் கீழ்ப்பாதி காலியிடத்தை நிரப்பும், மேல்பாதி மூலையின் தோளில் ஏறிக்கொள்ளும், வரிசை போனதும் பார்த்தால் பலகை. ஜே, எல் இரண்டும் நிமிர்ந்து நிற்க இடம் உண்டு, கொஞ்சம் அலங்கோலமாக. டியை மூக்கு கீழே பார்க்கத் திருப்பி இறக்கினால் மேல் வரிசை போய்ப் பலகை வரும். ஐயை மேலே குறுக்கே படுக்கவைத்தால் அந்த வரிசை மட்டும் போகும், மூலை அப்படியே இருக்கும். இசட்டுக்குத்தான் இடமே கிடையாது. மூலை வலப்பக்கம் இருந்தால் எஸ் நண்பன், இசட் பகை. மூலை இடப்பக்கம் வந்தால் அப்படியே மாறிவிடும்.

மூலையில் ஓ வைத்தால் வருவது பொக்கை:

■■□■

வரிசையாக இருக்கிற பல்லில் நடுவில் ஒன்று விழுந்த மாதிரி. இதற்கு இசட்டை நிமிர்த்தி இறக்கினால் என்ன வரும் என்று நோட்டில் போட்டுப் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன். வருவது அதே பழைய மூலை! அதாவது மூலைக்கு ஓ, பொக்கைக்கு இசட், மூலைக்கு ஓ, பொக்கைக்கு இசட் என்று இந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே இருக்கும். பலகையில் எங்கே வைப்பது என்று தெரியாமல் கையைப் பிசைய வைக்கிற இரண்டு கட்டைகளும் ஓவும் இசட்டும்தான். அவை இரண்டுக்கும் சேர்த்து ஒரு தனிச் சுற்று இருக்கிறது என்று தெரிந்ததும் பாதி பயம் போயிற்று. பலகையில் இருக்கும்போது அடுத்து ஓ வரப்போகிறது என்று பக்கத்துப் பட்டியலில் தெரிந்தால், இப்போது இருக்கிற டியை வைத்து மூலைக்குப் போய்விட வேண்டும். முழு வித்தையும் இதுதான். இப்போது பொருந்துகிற இடத்தைத் தேடாமல், அடுத்தது பொருந்துகிற உருவத்தைத் தேடுவது.

ஒரு முழுச் சுற்றைக் காட்டினால் புரியும். ஐ, எல், ஓ, இசட், எஸ், டி, ஜே என்ற வரிசையில் ஏழும் வருகின்றன என்று வைப்போம். பலகையில் ஐயை நிறுத்தினால் கம்பம். கம்பத்தின் பக்கத்தில் எல் கட்டையைப் படுக்கவைத்தால், அதன் நுனி கம்பத்தை ஒட்டி மேலே நிற்கும், வரிசை போனதும் மூலை. ஓ வந்து பொக்கை. இசட் வந்து மறுபடி மூலை. எஸ் வந்து பலகை, இந்தத் தடவை ஓட்டை இடப்பக்கம். அந்த ஓட்டையில் டி நின்றால் இடப்பக்க மூலை. அதன் எதிர்ப்புறக் காலியிடத்தில் ஜே நிமிர்ந்து உட்கார்ந்தால் ஏழாவது வரிசையும் போயிற்று. ஏழு கட்டை, ஏழு வரிசை, கடைசியில் கையில் அதே மூன்று கட்டம். கட்டம் போட்ட தாளில் போட்டுப் பாருங்கள்.

ஏழையும் ஒன்றாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இப்போதைய ஆட்டங்களில் கட்டைகள் கண்டபடி வருவதில்லை. ஏழு கட்டையையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, பை காலியாகும்வரை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி ஏழையும் போட்டுக் குலுக்குவது வழக்கம். ஒரு பைக்கு 5,040 வரிசைகள் சாத்தியம். ஆனாலும் சில உத்தரவாதங்கள் கிடைக்கின்றன. ஒரே கட்டை மூன்று தடவை தொடர்ந்து வராது. ஒரு கட்டை போய் அதே கட்டை திரும்ப வருவதற்குள் அதிகபட்சம் பன்னிரண்டு வேறு கட்டைகள்தான் வர முடியும். எஸ், இசட் இரண்டும் சேர்ந்து தொடர்ந்து வருவது நாலோடு நிற்கும். இந்தப் பை இல்லையென்றால் பட்டியலைத் தாண்டி யோசிப்பதே வீண். 1984இல் அலெக்சி பஜித்னோவ் எழுதிய முதல் டெட்ரிஸில் பையும் இல்லை, ஒரு கட்டையை ஒதுக்கிவைக்கிற ஹோல்டும் இல்லை. பை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஹெய்டி பர்கீல் என்ற கணிதவியலாளர் 1997இல் வெளியிட்ட ஒரு நிரூபணத்தைச் சொல்வேன்: எஸ்ஸும் இசட்டும் மட்டும் மாறிமாறி வந்தால், எவ்வளவு திறமைசாலி ஆடினாலும் 70,000 கட்டைகளுக்குள் ஆட்டம் முடிந்தே தீரும். முழுக்க முழுக்கக் குருட்டுக் குலுக்கலில் என்றாவது ஒருநாள் அப்படியும் ஒரு வரிசை வரத்தானே செய்யும்.

ஹோல்ட் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம். ஒரு கட்டையை ஒதுக்கிவைத்து, வேண்டும்போது மாற்றி எடுக்கிற அந்த இடத்தில் ஐயை வைக்கக்கூடாது. மற்ற முறைகளிலிருந்து வருகிறவர்களுக்கு ஐ வந்தால் கை தானாக ஹோல்டுக்குப் போகும். ஃபோர் வைட்டில் ஒதுக்கிவைத்த கட்டை எதற்கு? வந்த கட்டை பொருந்தாதபோது கைகொடுக்க. ஐயைப் படுக்கவைத்தால் ஒரு வரிசை போகும், ஆனால் மாட்டிக்கொண்ட உருவம் மாறாமல் அப்படியே கிடக்கும். நான் எல் அல்லது ஜே வைத்திருப்பேன். பலகை, மூலை, கம்பம் மூன்றிலும் இந்த இரண்டுக்கும் ஏதாவது ஒரு இடம் இருக்கும். பலகையில் தப்பான பக்கத்து எல் கட்டையை வைத்தால் அடியில் பொந்து விழுகிற மாதிரி ஒரு தொங்கல் வரும், அதை மட்டும் முடிந்தவரை தவிர்ப்பேன்.

பழகிய விதத்தைக் கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டை தானாக விழாத பயிற்சி முறையில், சுவர் ஏற்கெனவே வரையப்பட்ட களத்தில், குழிக்குள் மூன்று கட்டத்தைப் போட்டுவிட்டு ஆடினேன். நேரக் கணக்கு கிடையாது. தொடர் அறுந்தால் அந்த உருவத்தையும் வந்த கட்டையையும் நோட்டில் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பம். கண் முதலில் மிச்சத்தைப் பார்க்கும், அப்புறம் பட்டியலைப் பார்க்கும், அப்புறம் மறுபடி மிச்சத்துக்கு வரும். கொஞ்ச காலத்தில் மிச்சத்தைப் பார்ப்பது தானாக நின்றுவிட்டது. வைக்கும்போதே அடுத்த உருவம் தெரிந்துவிடுகிறதே, திரும்ப எதற்குப் பார்ப்பது? கண் பட்டியலிலேயே தங்க ஆரம்பித்ததும் வேகமும் கொஞ்சம் வந்தது. என் அளவுக்குத்தான்.

சுவர் கட்டுவது தனிக் கதை, அலுப்பான கதை. மூன்று கட்ட அகலத்தில் பொந்து விழாமல் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு கணக்கைச் சொல்லாமல் விட மனமில்லை. ஆறு கட்ட அகலத்தில் 12 வரிசைச் சுவர் என்றால் 72 கட்டம். குழிக்குள் மிச்சம் 3. மொத்தம் 75. நாலால் வகுபடாது! சுவர் உயரம் எதுவாக இருந்தாலும் ஆறின் மடங்கோடு மூன்று சேர்ந்தால் ஒற்றைப்படைதான், கட்டைகளோ நாலு நாலாகத்தான் வரும். ஆகவே தலை மட்டமான சுவரும் மூன்று மிச்சமும் ஒன்றாக அமையவே அமையாது. 19 கட்டை போட்டால் 76 கட்டம், ஒரு கட்டம் சுவரின் உச்சியில் துருத்திக்கொண்டு நிற்கும். சுவர் மட்டமாக வரவில்லையே என்று நான் மாங்கு மாங்கென்று திருத்திக்கொண்டிருந்தது உண்டு. இப்போது அந்தத் துருத்தலைப் பார்த்தால்தான் நிம்மதி.

தம்பி வைத்த பெயருக்கு வருகிறேன். 'சோம்பேறிக் குழி' என்பான். "அக்கா, நீ ஆடறது ஆட்டமே இல்ல, குழி வெட்டிட்டு உக்காந்திருக்க" என்பது அவன் வாதம். அவன் மட்டும் அல்ல, நேருக்கு நேர் ஆடுகிறவர்களிடையே இந்தச் சண்டை பழசு. நடுக் குழியில் ஒரு கூடுதல் சலுகை இருப்பது உண்மை. புதுக் கட்டை தோன்றுகிற இடம் குழிக்கு நேர்மேலே இருக்கிறது. ஓரத்தில் குழி விட்டு, தோன்றும் இடத்துக்குக் கீழே சுவர் இதே உயரத்துக்கு ஏறினால் உயிர் ஊசலாடும். நடுவில் குழி இருந்தால் பக்கச் சுவர் ரொம்ப மேலே வந்தும் ஆள் சாகாது. பல ஆட்டங்களில் வரிசை அழிந்துகொண்டிருக்கும்வரை எதிராளி அனுப்புகிற குப்பையும் உள்ளே ஏறாமல் காத்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் எதிரில் இருப்பவருக்கு எரிச்சல் வரும்தான்.

ஆனால் சோம்பேறி என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த 19 கட்டை முடியும்வரை நான் ஒரு வரிசைகூட அனுப்ப முடியாது, அடி வாங்கிக்கொண்டேதான் இருக்க வேண்டும். தம்பிக்கு இது தெரியும். ஆட்டம் தொடங்கியதும் டி ஸ்பின், அதாவது டியைச் சுழற்றி இடுக்கில் நுழைக்கிற உத்தி, போட்டு முதல் குப்பையை அனுப்பிவிடுவான். பாதிச் சுவரில் குப்பை ஏறி, மொத்தமும் மேலே தள்ளப்படும். அப்போது இன்னும் ஆறேழு வரிசை கட்டிக்கொள்ளலாமா, இருக்கிற சுவரோடு தொடரை ஆரம்பித்துவிடலாமா என்று முடிவெடுக்க வேண்டும். இந்த ஒரு முடிவில்தான் எங்கள் ஆட்டங்கள் பெரும்பாலும் தீர்கின்றன. என் வழக்கம், பட்டியலில் தெரிகிற ஐந்து கட்டையும் மிச்சத்துக்கு இசைவாக இருந்தால் சுவர் குட்டையாக இருந்தாலும் ஆரம்பித்துவிடுவது. இசைவாக இல்லாமல் உயரமான சுவர் இருந்து என்ன பயன்?

இப்போது ஆறு மிச்சத்தைப் பழகிக்கொண்டிருக்கிறேன். கணக்கு அதேதான்: ஆறும் நாலும் பத்து, நாலு போனால் ஆறு. குழியில் கட்டம் கூடுதலாக இருப்பதால் மாட்டிக்கொள்ளும் இடங்கள் குறைவு. சுவரும் மட்டமாக அமையும். 11 வரிசைக்கு 66, மிச்சம் 6, ஆக 72, சரியாக 18 கட்டை. தொந்தரவு வேறு பக்கத்திலிருந்து வருகிறது. கவனிக்காமல் ஒரே கட்டையில் இரண்டு வரிசையை அழித்துவிட்டால் பத்தில் எட்டு போய் மிச்சம் இரண்டாகிவிடும், இரண்டை வைத்துக்கொண்டு தொடரை இழுப்பது பெரும்பாடு. அதனால் இரண்டு வரிசை அழியக்கூடிய இடத்தைக் கண்டால் அதை விட்டு விலகப் பழக வேண்டியிருக்கிறது. உருவங்களோ மூன்றைப் போலக் கைக்கு அடங்கவில்லை. நோட்டில் பாதிப் பக்கம் நிரம்பிவிட்டது, இன்னும் ஓ ஏற்கிற உருவங்களையே எழுதி முடிக்கவில்லை.